ஈறில் இரத்தம் ஏன்?

வீட்டில் பீங்கான் ஊறுகாய் ஜாடி இருந்தால் அதைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். (காலி ஜாடியாக இருக்கட்டும்!) உடல் முழுவதும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் ஜாடி, தரையில் படும் வளையத்தில் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். ‘கிளேஸ்’ என்னும் மேற்பூச்சு சூளையின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகிறது. அடியிலும் அது இருந்தால் ஜாடி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்த வளையத்தில் மட்டும் பூச்சைத் துடைத்துவிடுகிறார்கள். நாளடைவில் அழுக்கேறிக் கறுப்பதும் அந்த இடந்தான்.

நம் பல்லும் ஏறக்குறைய இப்படித்தான். வெளியே தெரியும் பகுதியை எனாமல் மூடியிருக்கிறது. அதன் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்புகள். உடலில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. ஆனால் அந்தப் பூச்சு பல்லின் கழுத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள வேரை ஈறும் எலும்பும் பிடித்துக் கொண்டிருக்கின்றன. ஈறின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஈறு நோய் தொடங்குவது இந்தப் பள்ளத்தில்.

காலையில் பல் துலக்குமுன் ஈறை ஒட்டி நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாக, மாவுபோல ஏதோ வரும். அது வெறும் சோற்றுப் பிசுக்கு அன்று. உயிருள்ள பாக்டீரியாக் கூட்டம். ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் தம் பல்லிடுக்கிலிருந்து இதை எடுத்துத் தம் கையால் செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டு வியந்து, 1683இல் இலண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே இந்தப் படலம் மீண்டும் படியத் தொடங்குகிறது. அகற்றாமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் அதில் படிந்து சில நாட்களில் கல்லாக இறுகும். அதுவே பற்காரை. படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் வெளியிடும் பொருள்கள் ஈறை உறுத்துகின்றன. உடல் சும்மா இருக்குமா? இரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன. ஈறு வீங்குகிறது, பள்ளத்தின் உட்புறத் தோல் மெலிகிறது. பிரஷ் பட்டவுடன் இரத்தம் கசிகிறது. இதுதான் ஈறழற்சி. வலி பெரும்பாலும் இராது. அதனால்தான் பலர் பொருட்படுத்துவதில்லை.

இரத்தத்தைக் கண்டதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறோம். செய்யக்கூடாதது அதுவே.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்து, முடிவை 1965இல் வெளியிட்டனர். நலமான ஈறுகள் உள்ள 12 பேர் பல் துலக்குவதையே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை!

துலக்காமலே விட்டால்? இதற்கு விடை நம் மக்களிடமிருந்தே கிடைத்தது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளரை அதே லோவும் குழுவினரும் 1970 முதல் 1985 வரை சோதித்து வந்தனர். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் மருத்துவ வசதியும் இல்லை. சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஈறழற்சியோ எல்லாருக்கும் இருந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு நோய் அந்த நிலையோடு நின்றது. 81 பேருக்கு மெல்ல மெல்ல வேரைப் பிடித்திருந்த எலும்பு கரைந்தது. மீதி 8 பேருக்கு அது வேகமாகக் கரைந்தது. 45 வயதுக்குள் பற்கள் எல்லாம் போயின. ஓட்டையே இல்லாத பற்கள், பிடிமானம் இழந்து விழுந்தன. பதினைந்து ஆண்டு அளந்து பார்த்த அந்த வாய்களுக்குச் சிகிச்சை எட்டவில்லையே என்பது இந்த ஆய்வைப் படிக்கும்போது நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது.

யார் எந்தப் பிரிவில் சேர்வார் என்று ஈறைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. ஈறழற்சியோ முழுதும் குணமாகக் கூடியது.

வழி எளிது. மென்மையான இழைகள் உள்ள பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்வாக வைத்து, சிறு அசைவுகளாகத் தேயுங்கள். இழைகளின் நுனி அந்தப் பள்ளத்தைத் தொடவேண்டும். உட்புறத்தை மறக்கவேண்டாம். இரண்டு நிமிடம், காலையிலும் படுக்குமுன்னும். முதல் சில நாட்கள் இரத்தம் வரும்; அஞ்சவேண்டாம். செங்கல் தூளும் உமிக்கரியும் வேண்டவே வேண்டாம். அவை எனாமலைத் தேய்க்கும். ஈறு விலகி வேர் தெரிந்த இடத்தில் இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

நம்மவர் பலருக்கு ஈறு இயல்பாகவே கறுத்திருக்கும். அது நிறமி, நோயன்று. வீக்கத்தையும் கசிவையும் கவனியுங்கள். உங்கள் வயதில் ஹார்மோன் மாற்றங்களால் ஈறு சற்று எளிதில் வீங்கும். புகைப்பவருக்கு நோய் இருந்தும் இரத்தம் வராமல் ஏமாற்றலாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். பற்காரை பிரஷுக்கு அசையாது. அவர்தான் கருவியால் அகற்றவேண்டும். “சுத்தம் செய்தால் பல் ஆடும்” என்று பாட்டி தடுப்பார். காரை அடைத்திருந்த சந்து திறப்பதால் நாக்குக்கு அப்படித் தோன்றுகிறது. பல் ஆடினால் அது முன்பே ஆடிய பல். காரைதான் அதை மறைத்து வைத்திருந்தது.