வயலில் இழந்த பசளையைக் கடற்பாசி பிடிப்பது எப்படி?



வினாயகபுரக் கரையில் அலை ஒதுக்கும் கடற்பாசியைக் குப்பையென்று மிதித்துச் செல்கிறோம். நம் வயலிலிருந்து ஓடிய பசளையின் ஒரு பங்கும் அதனுள் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, ஒரு பிடி யூரியாவின் அருமையை யாவரும் உணர்ந்தோம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. வக்கடை வழியே வெளியேறும் நீர் அதில் ஒரு பகுதியைக் களப்புக்கும் கடலுக்கும் கொண்டுபோகின்றது.

பாசி உண்ணும் விதம்

நெற்பயிர் வேரினால் உண்ணும். கடற்பாசிக்கு அத்தகைய வேர் இல்லை. பாறையைப் பற்றிக்கொள்ளும் உறுப்பே உண்டு. நீரிற் கரைந்த நைதரசனை அது உடல் முழுவதாலும் உறிஞ்சும். தாள்போல் மெல்லிய பச்சைப் பாசி, தடித்த பாசியிலும் விரைவாக உறிஞ்சும். அலை நீரைப் புரட்டுவதால் புதிய உணவு ஓயாது அதன் உடலருகே வந்து சேரும்.

நீரிலுள்ள நைதரசனில் அமோனியம், நைத்திரேற்று என்னும் இரண்டும் முக்கியமானவை. நெல்லைப் போலவே பெரும்பாலான பாசிகளும் அமோனியத்தை எளிதில் ஏற்கும். நைத்திரேற்றை உட்கொண்டால், அதை உடலினுள் அமோனியமாக மாற்றுதல் வேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். கஞ்சிப்பாசி போன்றவை சில மணித்தியாலங்களில் உறிஞ்சிய நைதரசனைச் சேமித்து வைத்துப் பல நாட்கள் வளரும்.

மிகுதியினால் வரும் கேடு

களப்பில் நைதரசன் மிகுந்தால் பாசி அளவின்றிப் பெருகும். பின்னர் அது அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடியும். ஆகவே நமது நட்டம் மீனவருக்கும் நட்டமாகின்றது.

செய்ய வேண்டியவை

1. யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுக.

2. யூரியா இடுமுன் வரம்பைச் செப்பனிட்டு, வக்கடையை அடைத்து, சில நாட்கள் நீர் வெளியேறாது காக்க. பெருமழை வருமென்று கண்டால் பசளை இடுதலைத் தள்ளிவைக்க.

3. கரையில் ஒதுங்கிய பாசியை மட்டுமே சேர்க்க. பாறையில் வளர்வதைப் பிடுங்கலாகாது. அது மீன்குஞ்சுகளின் உறைவிடம்.

4. சேர்த்த பாசியை நன்னீரில் நன்கு கழுவி, உப்பு நீங்கியபின் நறுக்கி, வைக்கோல், சாணம் ஆகியவற்றுடன் கூட்டுப்பசளைக் குவியலில் இடுக. நன்கு மக்கியபின் கத்தரி, மிளகாய், வெண்டிப் பாத்திகளுக்கு இடலாம்.

இப்பசளை மண்ணை வளப்படுத்தும், பொட்டாசியமும் தரும். ஆயினும் இதன் நைதரசன் சிறிதளவே, யூரியாவுக்கு ஈடாகாது. கடலுக்குப் போனதைத் திரும்பப் பெறுவதிலும், போகவிடாது வயலிலேயே காப்பது பெரிய ஆதாயமாகும்.