பழைய கம்ப்யூட்டரும் புது லேப்டாப்பும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. சோழவந்தானில் அந்த வருஷங்களில் பிள்ளைகள் படித்த வீடுகளில் அது இன்னும் பீரோவிலோ மேஜையிலோ இருக்கும். வெற்றிலைக் கமிஷன் கணக்குக்கோ அரிசி மண்டிக் கணக்குக்கோ வாங்கிய எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் அதற்கும் மூத்தது. இப்போது மூன்றாவதாக விண்டோஸ் 11 லேப்டாப் வந்து சேர்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால் இந்த வரவு இன்னும் கூடும்.

புதுசு வந்ததும் முதல் வேலை, பழசில் இருக்கும் கல்யாணப் போட்டோவையும் பத்திர ஸ்கேனையும் எடுப்பது. ஆனால் இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. பெரும்பாலும் எதிலும் பழுது இருக்காது. புதியது காரணத்தோடுதான் மறுக்கிறது. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் பழையதை இரும்புக் கடைக்குப் போடவும் வேண்டாம், புதியதன் பாதுகாப்பைக் கழற்றி வைக்கவும் வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். வரிசை மாறினால் அரை நாள் வீணாகும்.

1. முதலில் கம்பியைப் பாருங்கள். கேபிள் செருகிய துளையின் பக்கத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் மற்ற சோதனை எதற்கும் பயனில்லை. கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் அது தானாக நழுவிக்கொண்டே இருக்கும். புது முனை போட்டுவிடுங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. பழைய 100 எம்.பி.பி.எஸ். இணைப்புக்கு அதில் நான்கு போதும். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆகவே பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் கேபிள் புது லேப்டாப்பில் மந்தமாக இருந்தால், நடுவில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். ஓட்டு வீடுகளில் எலியும் அணிலும் கடித்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

2. தெருவில் தொடங்கிக் கொல்லை வரை நீளும் பழைய வீடுகளில் சுவர் கனமானது. முன்கட்டு ரூட்டரின் சிக்னல் பின்கட்டுக்கு வந்து சேராது. அங்கே கம்ப்யூட்டர் வைப்பதாக இருந்தால் வைஃபையோடு மல்லாடாமல் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 5இ அல்லது கேட் 6 வகை போதும். 100 மீட்டர் வரை தாங்கும். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்க வேண்டாம். தோட்டத்தில் தனியாக இருக்கும் கட்டடத்துக்கு என்றால் செம்புக் கேபிள் கூடாது, ஃபைபர்தான். ஐப்பசி இடியில் செம்பு வழியாக மின்சாரம் பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ள கருவிகளை எரித்துவிடும்.

3. அடுத்தது முகவரி. விண்டோஸ் பொத்தானும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் சி.எம்.டி. என்று தட்டித் திறக்கும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 192.168.1.5, 192.168.1.9 என்று முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தெருவில் உள்ள இரண்டு கதவு எண்கள். ஏதாவது ஒன்று 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரூட்டர் முகவரியே கொடுக்கவில்லை. ரூட்டரை நிறுத்திப் போட்டுவிட்டு அந்தக் கம்ப்யூட்டரையும் திரும்பத் தொடங்குங்கள்.

4. ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்குகிறதா? உங்கள் வீட்டில் இரண்டு ரூட்டர் இருக்கும். ஃபைபர் இணைப்புக்காரர் வைத்த பெட்டி ஒன்று, நீங்கள் கடையில் வாங்கி அதன் பின்னால் மாட்டியது இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுப்பதால் வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நீங்கள் வாங்கிய ரூட்டரின் அமைப்புக்குள் போய், அதன் சொந்த முகவரியை முதல் பெட்டியின் வரிசையில் வேறு யாரும் பயன்படுத்தாத எண்ணாக மாற்றி, டி.எச்.சி.பி. என்ற முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்துங்கள். பிறகு முதல் பெட்டியிலிருந்து வரும் கேபிளை அதன் ‘வான்’ துளையிலிருந்து எடுத்து ‘லான்’ துளையில் செருகுங்கள். பிரச்சினை தீர்ந்தது. ஃபைபர் பெட்டியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

5. பழைய லேப்டாப்புக்கு வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். பழைய லேப்டாப்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ரூட்டரில் அதை அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில பழைய கார்டுகளுக்கு 12, 13-ஆம் சேனல்கள் தெரியாது. 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2-உம் 3-உம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். 2-க்கும் கீழே போகவே வேண்டாம்.

6. ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்த கருவிகளுக்கு இன்டர்நெட் வரும், ஆனால் வீட்டின் மற்ற கம்ப்யூட்டர்களோடு பேச முடியாது. அந்த ஏற்பாடே அதற்குத்தான்.

7. எது கொடுக்கிறது, எது எடுக்கிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழையதில் ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள், புதியது போய் எடுத்துக்கொள்ளட்டும். புதியதில் எதையும் ஷேர் செய்ய வேண்டாம். இப்படிச் செய்தால் புது லேப்டாப்பின் ஃபயர்வாலைத் தொடவே தேவையிருக்காது. ஃபோல்டர் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மட்டும், நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘ஹோம்’ அல்லது ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள்.

8. நெட்வொர்க் பட்டியலில் பழைய கம்ப்யூட்டரின் பெயர் தெரியவில்லை என்று கலங்க வேண்டாம். பட்டியலில் பெயர் காட்டுவது ஒரு வேலை, இணைப்பது வேறு வேலை. விண்டோஸ் பொத்தானும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, \\192.168.1.5 என்று பழையதன் எண்ணை நேராகத் தட்டுங்கள். பல வீடுகளில் இதோடு காரியம் முடிந்துவிடும். விண்டோஸ் 7-இல் இருந்த ‘ஹோம்குரூப்’பைப் புதியதில் தேடாதீர்கள், 2018-இலேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

9. பாஸ்வேர்டு கேட்கும்போது லேப்டாப்பைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைப் போட்டால் ஏற்காது. பின் அந்த லேப்டாப்புக்கு மட்டும் சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத பயனர் கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக அனுமதிக்காது. முன்பு பெயர், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் ஷேர் திறந்தது உண்மைதான். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகையில், அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அடைத்த கதவை உடைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பயனரை உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்டு கொடுத்து, ஃபோல்டரைப் படிக்க மட்டும் அவருக்கு உரிமை கொடுங்கள். புதியதில் கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

10. மேலே சொன்னவை விண்டோஸ் 7-க்குப் போதும். எக்ஸ்.பி.யின் கதை வேறு, கொஞ்சம் நின்று படியுங்கள். ஃபோல்டரைப் பகிர விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எஸ்.எம்.பி. என்ற முறையில் பேசிக்கொள்கின்றன. எக்ஸ்.பி.க்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் முடங்கின, ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். அதே வருஷ இறுதியிலிருந்து புது விண்டோஸில் முதல் பதிப்பை நிறுவாமலே கொடுக்கிறார்கள். புது லேப்டாப் எக்ஸ்.பி.யைப் பார்க்க மறுப்பது இதனால்தான்.

11. ஆகவே எக்ஸ்.பி.யிலிருந்து எடுக்க நெட்வொர்க்கே வேண்டாம் என்பது என் எண்ணம். கொஞ்சம் ஃபைல் என்றால் பென் டிரைவ் போதும். ஃபேட்32 முறையில் இருக்கும் பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. பெரிய கல்யாண வீடியோவுக்கு என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். நிறைய இருந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் வழியாகப் புது லேப்டாப்பில் செருகுங்கள். அடாப்டர் வாங்க மதுரைக்குப் போகும்போது டிஸ்க்கின் முனையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அகலமான 40 ஊசி முனை ஐ.டி.இ., மெல்லிய பட்டை முனை சாட்டா. இரண்டுக்கும் அடாப்டர் வேறு.

12. வேறு வழியே இல்லை, நெட்வொர்க்கில்தான் எடுத்தாக வேண்டும் என்றால்: இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள். புதியதன் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளைச் சேர்க்கும் பட்டியலில் எஸ்.எம்.பி. 1.0-க்குக் கீழே ‘கிளையன்ட்’ என்பதை மட்டும் டிக் செய்யுங்கள், ‘சர்வர்’ வேண்டாம். எடுத்து முடித்ததும் அன்றே டிக்கை நீக்கிவிட்டு இன்டர்நெட்டை இணையுங்கள்.

13. கணக்கு மென்பொருள் ஓட எக்ஸ்.பி.யோ விண்டோஸ் 7-ஓ இன்னும் தினமும் வேண்டும் என்கிறவர்கள் அதை இன்டர்நெட்டிலிருந்து விலக்கி வையுங்கள். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு முடிந்துவிட்டது. அதன் முகவரியை நீங்களே கையால் எழுதுங்கள்: 192.168.1.250 என்பது போல ரூட்டர் வேறு யாருக்கும் கொடுக்காத எண், மாஸ்க் 255.255.255.0, ‘டிஃபால்ட் கேட்வே’ கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களோடு அது பேசும், வெளியே போக அதற்கு வழி தெரியாது. விண்டோஸ் 7-இல் ஐ.பி.வி6 டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

14. கணக்கு மென்பொருள் கட்டாயம் இல்லாத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம், தமிழும் உண்டு. லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. கனமில்லாதது. லினக்ஸில் உள்ள சம்பா என்ற மென்பொருள் புது விண்டோஸோடு புது முறையிலேயே பேசும். போட்டோ சேமிக்கும் பொதுப் பெட்டியாக அந்த லேப்டாப் இன்னும் பல வருஷம் உழைக்கும். போடும் முன் உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிடுங்கள்.

15. பழைய கம்ப்யூட்டரில் எந்த வலைத்தளமும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் இருக்கும். உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றித் தேதியைச் சரி செய்யுங்கள்.

16. ஃபைல் வந்துவிட்டது, திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கிடக்கிறது. ‘வைரஸ்’ என்று பயந்து அழித்துவிடாதீர்கள். நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் பல வருஷம் தட்டிய எழுத்துகள் இப்படித்தான் தொலைந்துபோகின்றன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய ஃபான்ட்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அந்த ஃபான்ட் புதியதில் இல்லாததால் அடியில் இருக்கும் குறி வெளியே தெரிகிறது. பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அந்த ஃபான்ட் ஃபைலையும் எடுத்துவந்து புதியதில் நிறுவுங்கள்; எழுத்து உடனே தமிழாகும். பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றி, அதைத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்; அதற்கு முந்தைய விண்ணப்பம், அழைப்பிதழ், கோயில் கணக்கு, ஊர் வரலாறு எதுவானாலும் இந்தச் சந்தேகத்தோடு திறந்து பாருங்கள். எழுத்து சரியாக இருந்து வரி மட்டும் ஓடி, பக்கம் மாறியிருந்தால் அது லதா ஃபான்ட் இல்லாத குறை. விண்டோஸ் 10, 11-இல் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற விருப்ப வசதியைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

17. பழையதில் மாட்டிய பிரிண்டருக்குப் புதியதிலிருந்து அனுப்பினால் 11பி என்று முடியும் பிழை எண் வருகிறதா? 2021-இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்த பிறகு வந்த அப்டேட்களின் விளைவு அது. பாதுகாப்பைக் குறைத்துச் சரி செய்வதைவிட பிரிண்டரின் யு.எஸ்.பி. கேபிளைப் புதியதில் மாட்டுவது நல்லது. லேசர்ஜெட் 1020 மாதிரி பழைய பிரிண்டருக்குப் பழைய சி.டி.யில் உள்ள டிரைவர் போதாது. நிறுவனத் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்.

18. கரண்ட் போய் வந்தால் முதலில் ஃபைபர் பெட்டி, அது முழுதாக எழுந்த பிறகு ரூட்டர், கடைசியில் கம்ப்யூட்டர். ரூட்டருக்கு மினி யு.பி.எஸ். வாங்குவதானால் அதன் அடாப்டரில் எழுதிய வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். பெரிய ஃபோல்டரை நகல் எடுக்கும்போது லேப்டாப் தூங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

19. நகல் முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில போட்டோக்களையும் சில பத்திரங்களையும் அங்கொன்று இங்கொன்றாகத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் இன்னொரு நகல் எடுத்து, அதை வேறொரு வீட்டில், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ, வைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.