உப்பு நீரில் ஒரு பிடி

மரக்காணத்தில் பிறந்த எனக்கு உப்பு முதலில் பிழைப்பு, பாடமானது பிறகுதான். கோடையில் பாத்தி நீர் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பாகும். "தண்ணி செவந்துட்டா உப்பு எறங்கும்டா" என்பார் அப்பா. வெயிலின் நிறமென்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அது உப்பை விரும்பும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும் ஒருவகைப் பாசியும் தரும் நிறம் என்பதைக் கல்லூரிக்கு வந்தபின்பே அறிந்தேன்.

இவ்வுயிர்கள் தம் செல்லுக்குள்ளும் பொட்டாசியம் உப்பை நிரப்பி வைத்திருக்கின்றன. அத்தனை உப்பில் மின்னேற்றங்களின் கவர்ச்சி தளரும். அப்படியானால் எதிர்மின்னேற்றமுடைய ஆர்.என்.ஏ.வை அங்குள்ள புரதம் எவ்வாறு பற்றுகிறது? இக்கேள்வியே என்னை நூலகத்துக்கு இழுத்தது.

ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துக்களால் ஆனது. எழுதி முடித்தபின் செல் அதில் சில திருத்தங்கள் செய்கிறது. யூரிடினின் வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சூடோயூரிடின். ஆர்க்கியாவின் கடத்து ஆர்.என்.ஏ.வில் 15ஆம் இடத்தில் அமைவது ஆர்க்கியோசின். இத்திருத்தங்களைச் செய்யும் நொதிகளை ஒப்பிட்ட எல். அரவிந்தும் யூஜீன் கூனினும், ஏறத்தாழ 80 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பொதுப் பகுதியை 1999இல் இனங்கண்டனர். அவ்விரு நொதிகளின் பெயரிலிருந்தே அதற்குப் 'பி.யு.ஏ. களம்' என்று பெயர் வந்தது.

இக்களம் எழுத்தைத் திருத்துவதில்லை, பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உப்பளத்தில் ஒருவர் கூடையைப் பிடிக்க, மற்றவர் வாரிப் போடுவாரல்லவா? அதுபோல. சி.பி.எஃப்.5 என்னும் நொதியில், வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியிலுள்ள ஏ-சி-ஏ என்ற மூன்றெழுத்தை இக்களம் பற்ற, வேறொரு பகுதி யூரிடினைத் திருப்புகிறது. சாக்கடலில் கண்டெடுத்த ஹேலோஃபெராக்ஸ் வல்கானை என்னும் ஆர்க்கியாவிலும் இந்நொதி உண்டு. உப்புக்கு ஈடுகொடுக்க இத்தகைய உயிர்களின் புரதங்கள் மேற்பரப்பில் அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்களை மிகுதியாகத் தாங்குகின்றன; உள்ளிருக்கும் மடிப்போ மாறவில்லை.

நம் உடலிலும் அதே நொதி இருக்கிறது, பெயர் டிஸ்கெரின். அதன் மரபணுவில் பிழை நேர்ந்தால் நகம் சிதையும், தோலின் நிறம் மாறும், வாயில் வெண்திட்டுக்கள் தோன்றும், இறுதியில் எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோகும். டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா என்னும் இந்நோய்க்குரிய மரபணு 1998இல் தெரியவந்தது. கண்டறியப்பட்ட பிழைகளில் பல, பி.யு.ஏ. களத்திலும் அதன் அருகிலுமே குவிந்துள்ளன. குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமெரேசின் ஆர்.என்.ஏ.வுக்கும் அதே வால்பகுதி உண்டு. பிடி நழுவினால் அதுவும் குறைந்துபோகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம பாத்தியில இருக்கறது நம்ம ஒடம்புலயுமா?" என்றார். நொதியின் குடும்பம் ஒன்று என்றேன். வரும் கோடையில் ஒரு குப்பி பாத்தி நீருடன் வருவேன்; நுண்ணோக்கியை ஒரு பிற்பகல் எனக்கு ஒதுக்கித் தருமாறு துறை ஆசிரியர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.