கிறைண்டரின் வேகத் திருகு எதைக் காக்கும்?

யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடைகளில் நடுத்தர விலைக் கிறைண்டர் கேட்டால், ஒரே கம்பனியின் ஒரே அஞ்சு இஞ்சி உடம்பில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று நிமிடத்துக்கு 11,000 சுற்று என்ற ஒற்றை வேகத்தில் ஓடுவது. மற்றதன் பின்புறத்தில் 1 முதல் 6 வரை இலக்கமிட்ட சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பி 2,800 சுற்று வரை இறக்கலாம். விலையும் கூட. அந்தக் கூடின விலைக்குப் பட்டறைகளில் சொல்லப்படும் நியாயங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: மெல்ல ஓடவிட்டால் மோட்டர் நீடிக்கும்; மெல்ல ஓடினால் ஆபத்துக் குறையும். முதலாவது பிழை. இரண்டாவது பாதி உண்மை. அதனாலேயே அதை நம்பி மோசம் போவது எளிது. திருகு காப்பது தேய்க்கப்படும் பொருளின் மேற்பரப்பை. உங்கள் தொழிலில் அந்த மேற்பரப்புக்கு யாராவது காசு தருகிறார்களா என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

மோட்டரைக் குளிர வைப்பது ஆமேச்சரின் அதே தண்டில் பூட்டியிருக்கும் விசிறி. தண்டு மெல்லச் சுழன்றால் விசிறியும் மெல்லத்தான் சுழலும். திருகை 2இல் வைத்துக்கொண்டு தடித்த அங்கிள் இரும்பில் அழுத்திப் பிடித்தால், உள்ளே போகும் காற்றுக் குறைந்து, இழுக்கும் கரண்ட் கூடுகிறது. கொஞ்ச நேரத்தில் சுருளின் வார்னிஷ் மணக்கும். கனமான வேலையை முழு வேகத்தில், கையை இலேசாக வைத்துச் செய்வதே மோட்டருக்கு நல்லது. சூடேறிய கிறைண்டரைச் சட்டென்று நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடும் பழைய கைகளின் பழக்கத்துக்கும் காரணம் இந்த விசிறிதான். திருகுகளுக்குள்ளும் சாதி உண்டு. மலிவானது மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை நறுக்கிக் குறைப்பதோடு நின்றுவிடும். சுமை விழுந்தால் வேகமும் விழும். நல்லது, வேகத்தை உணர்ந்து, சுமைக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டி அதே வேகத்தைப் பிடித்து வைக்கும். கடைக்காரர் விட்டால் ஒரு இரும்புத் துண்டில் வைத்து அழுத்திப் பாருங்கள்: சத்தம் தொய்ந்து இறங்கினால் முதல் வகை, கணம் தடுமாறி நிமிர்ந்தால் இரண்டாவது. பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள வாட் கணக்கு இதைச் சொல்லாது. அது பிளக்கில் இருந்து உறிஞ்சும் அளவு. டிஸ்க்குக்குப் போய்ச் சேருவது அதைவிட நன்றாகக் குறைவு.

பாதுகாப்புக்கு வருவோம். சாதாரண வெட்டும் டிஸ்க்கின் விளிம்பு செக்கனுக்கு 80 மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. 125 மில்லிமீட்டர் டிஸ்க் 11,000 சுற்றில் 72 மீட்டரில் ஓடும், வரம்புக்குள் அடக்கம். வேகத்தைக் குறைக்கலாம்தானே என்று கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஏழு இஞ்சி டிஸ்க்கைப் பூட்டுபவர்கள், அதாவது 180 மில்லிமீட்டரைப் பூட்டுபவர்கள், நம்பியிருப்பது திருகுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு மின்னணு உறுப்பை. அது பழுதாகும்போது மின்சாரத்தை மறிக்காமல் முழுதாகக் கடத்தியபடி நின்றுவிடுவது புதுமை இல்லை. அப்போது கிறைண்டர் முழு வேகத்துக்குத் தாவும், விளிம்பு 103 மீட்டரைத் தாண்டும், நடுவில் கார்டும் இல்லை. சுழலும் டிஸ்க்கின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடுகிறது, ஆகவே மெல்ல ஓடினால் உடைந்தாலும் அடி குறைவுதானே என்று கேட்கலாம். கணக்குச் சரி. ஆனால் மெல்லிய வெட்டும் டிஸ்க் மெல்ல ஓடினால் வெட்டாமல் கவ்வும், கவ்வினால் கை அழுத்தும், அழுத்தினால் உதைக்கும். வெட்டுக்கு முழு வேகமும் கார்டும்தான் பாதுகாப்பு. இத்துடன், டிஸ்க்கின் நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தையும் ஒருதரம் உற்றுப் பாருங்கள். காலாவதி மாதமும் ஆண்டும் அதில்தான் அடித்திருக்கும்.

அப்படியானால் திருகு யாருக்கு? முதலில் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கைப்பிடி, கேற் செய்பவர்களுக்கு. வெல்டிங் ஒட்டை முழு வேகத்தில் தேய்த்தால் குழாயில் வைக்கோல் நிறம் ஏறி, பழுப்பாகி, நீலமாகும். அந்த நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த தோல் கிடக்கிறது. உப்புக்காற்று முதலில் பிடிப்பது அதைத்தான். கடலில் இருந்து எந்த ஊரும் அதிக தூரம் இல்லாத குடாநாட்டில், புதுக் கைப்பிடியில் சில மாதத்திலேயே கறள் தெரிந்தால் ‘சாமான் கூடாது’ என்று கடையைத் திட்டுகிறோம். பல இடங்களில் குற்றம் சூட்டினுடையது, அல்லது சாதாரண இரும்பைத் தேய்த்த அதே டிஸ்க்கினுடையது. அடுத்தது பைபர் வள்ளம். 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் சீநோர் நிறுவனம் தொடங்கிய காலத்தில் இருந்து குடாநாட்டுக்குப் பழக்கமான தொழில் இது. பொலியெஸ்டர் பிசின் சூட்டில் இளகி அரத்தாளின் மணிகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். பிறகு தாள் தேய்ப்பதில்லை, எரிக்கிறது. வேகத்தை இறக்கினால் தாளும் நீடிக்கும், தூசும் குறையும். கருங்கல் மினுக்குவதற்கும் குறைந்த வேகம் வேண்டும். ஆனால் அது தண்ணீரோடு செய்யும் வேலை. சாதாரண கிறைண்டர் அதற்கு ஆகாது. ஈர வேலைக்கென்றே செய்த மெஷினும் ட்ரிப் சுவிட்சும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் போதும், அதனால் திருகுள்ளதையே வாங்கலாம் என்பது கேட்கத் தகுந்த வாதம்தான். ஊர் ஊராய்ப் போய் வேலை செய்யும் தனி ஆளுக்கு அது பொருந்தும். பட்டறைக்குப் பொருந்தாது. வெட்டுக்கு ஒன்று, தேய்ப்புக்கு ஒன்று என்று ஒற்றை வேகக் கிறைண்டர்கள் இரண்டு இருந்தால் டிஸ்க் மாற்றும் நேரம் மிச்சம். திருகுள்ளதை மினுக்கு வேலைக்கே ஒதுக்கலாம். கேற்றும் கிறிலும் மட்டும் செய்பவர், திருகுக்குப் போகும் காசை மெல்லத் தொடங்கும் வசதிக்கும், கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத வசதிக்கும் கொடுக்கட்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் இரண்டாவது வசதி ஆடம்பரம் இல்லை. சிறு ஜெனரேட்டரில் ஓட்டுபவருக்கு முதலாவது கட்டாயம். யப்பானில் பாவித்த கிறைண்டர் மலிவாகக் கிடைத்தால் அதன் தகட்டைப் பாருங்கள்: அது 100 வோல்ட் சாமான். திருகைக் குறைத்துவிட்டு 230இல் ஓட்டலாம் என்பது நடக்காது. திருகு மின்சாரத்தின் நேரத்தை நறுக்குமே தவிர உச்சியைப் போதிய அளவுக்கு இறக்காது. 141 வோல்ட் உச்சிக்குச் செய்த சுருளில் 325 வரை ஏறலாம். கடைசியாக, பில் போடுமுன் காபன், ஆமேச்சர் விலையோடு வேகக் கட்டுப்பாட்டு போர்ட்டின் விலையையும் கேளுங்கள். போர்ட் யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா, கொழும்பில் இருந்து வர வேண்டுமா என்பதையும்.