ஒரு மனு சட்டசபை வரை போகுமா?

10 ரூபாய் கட்டணம் கட்டி நாம் எழுதும் ஒரு தகவல் மனு சென்னைக் கோட்டையில் இருக்கும் சட்டசபை வரைக்கும் போகும்னு சொன்னா நம்புவீங்களா? காகிதம் போகாது. அதோட கணக்கு போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. (தமிழ்நாட்டில் 1997-லேயே தனியாக ஒரு தகவல் சட்டம் போட்டார்கள். நிறையப் பேருக்கு இது தெரியாது.) மனு போடுவது பற்றிய 6-வது பிரிவைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது 25-வது பிரிவு.

சின்னமனூர் நகராட்சியில் தெருவிளக்குச் செலவு கேட்டு ஒருவர் மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகராட்சி நிர்வாகத் துறை அதையும் சேர்த்துக் கணக்கு எடுக்க வேண்டும். எத்தனை மனு வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, எந்தப் பிரிவைக் காட்டி மறுத்தார்கள், எவ்வளவு கட்டணம் வசூல், யார் மேல் ஒழுங்கு நடவடிக்கை என்று எல்லாம் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். ஆணையம் ஆண்டறிக்கை எழுதி அரசுக்குக் கொடுக்கும். அரசு அதைப் பேரவை முன் வைக்கும். 1986-ல் மேலவையைக் கலைத்த பிறகு நமக்கு ஒரே சபைதான்.

இங்கேதான் ஒரு சொல்லைக் கவனிக்கணும். பேரவை முன் வைக்க 'வேண்டும்' என்று 25-வது பிரிவு சொல்லவில்லை. கூடிய விரைவில் வைக்க'லாம்' என்கிறது. நமக்குப் பதில் சொல்ல அலுவலருக்கு 30 நாள் கெடு. தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை அபராதம். சபைக்குச் சொல்ல மட்டும் கெடுவும் கிடையாது, அபராதமும் கிடையாது! எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அரசியலமைப்பின் 151-வது பிரிவு கொஞ்சம் கறார். மாநிலக் கணக்கு பற்றிய சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை ஆளுநரிடம் போகும். அவர் அதைப் பேரவை முன் வைக்கச் செய்தே ஆக வேண்டும். அப்புறம் பொதுக் கணக்குக் குழுவில் இருக்கும் எம்.எல்.ஏ.க்கள் அதை வைத்து அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். ஆனால் எத்தனை நாளுக்குள் வைக்கணும் என்று அந்தப் பிரிவிலும் இல்லை. அறிக்கை லேட்டானால் கேள்வியும் லேட்டுதான்.

தகவல் ஆணையத்தின் எந்த வருட அறிக்கை எந்தத் தேதியில் பேரவைக்கு வந்தது? இதையே ஒரு தகவல் மனுவாகக் கேட்கலாம். அப்பா பேரில் எழுதி வைத்துவிட்டேன். சனிக்கிழமை தபாலில் அனுப்பப் போகிறோம். பதில் வந்ததும் இதே பலகையில் ஒட்டுகிறேன்.