தேயாத முனையைத் தேடும் தம்பிக்கு

குலசேகரன்பட்டினம்



அலுமினியம் பிரிக்கும் எட்டு மணி நேரச் சோதனைக்குப் பிறகும் உன் நிக்கல் பெரைட் ஆனோடின் எடை குறையவில்லை என்று நீ எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆயினும், வாலிபத்தில் அதே சந்தோஷத்தோடு அவசரமாய் அறிக்கை எழுதி, துளைகளில் புகுந்த உருகிய உப்பின் எடைதான் தேய்மானத்தை மறைத்தது என்று பின்னால் கண்டு வெட்கியவன் ஆதலால், ஒன்று கேட்கிறேன்: அடியில் திரண்ட அலுமினியத்தைப் பரிசோதித்தாயா?

ஜன்னல் கம்பி கடற்காற்றில் உதிர்ந்துபோகும் இவ்வூரில் செப்புக்குடம் நிலைத்திருப்பது அதன்மேல் படிந்த களிம்பாகிய கவசத்தால்தான். புளியிட்டுத் தேய்த்தால் அக்கவசம் போய்விடும். 1886-இல் ஹாலும் ஹெரூவும் அலுமினியம் பிரிக்கக் கிரையோலைட்டைத் தேர்ந்ததோ, அலுமினா என்னும் ஆக்ஸைடை அது கரைக்கும் என்பதற்காகவே. அவ்விதம் தேர்ந்த திரவம், சுமார் 960 டிகிரி வெப்பத்தில், உன் ஆனோடைக் காக்கும் ஆக்ஸைடை மட்டும் தயவு பண்ணி விட்டுவைக்குமா? செம்பை ஆனோடாக வைத்துப் பார்த்த ஹாலுக்கே அது கைகொடுக்கவில்லை. காஸ்டிக் சோடாத் தொழிலில் ருத்தேனியம் ஆக்ஸைடு பூசிய டைட்டானியம் கிராபைட்டை அகற்றியதையும், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம் அவ்வித்தையை நம் நாட்டிலேயே செய்து காட்டியதையும் நீ உதாரணம் காட்டுகிறாய். அங்கே எதிரி வெறும் உப்புநீர், தம்பி.

மேட்டூரில் 1965-இல் தொடங்கிய அலுமினிய உருக்காலை உட்பட எங்கும் ஆனோடாய் உழைத்து வந்த கரி, ஒரு டன் உலோகத்துக்கு 400 கிலோவுக்கு மேல் எரிந்து, சுமார் ஒன்றரை டன் கரியமில வாயுவை விடுகிறது. அதை ஒழிக்க நீ முனைவது மகத்தான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கரி தேய்ந்தால் வாயுவாய்ப் போய்விடும். உன் ஆனோடு தேய்ந்தாலோ, அதன் இரும்பும் நிக்கலும் எதிர்முனைக்கு வந்து அலுமினியத்தின் பரிசுத்தத்தையே கெடுக்கும். வருஷத்துக்கு 10 மில்லிமீட்டர் தேய்வது பொறுக்கத்தக்கது என்று இத்துறையினர் பொதுவாய் வைத்திருக்கும் அளவுகூட இந்த அசுத்தத்தை முன்னிட்டே பார்க்கத்தக்கது.

ஆகவே அலுமினாவைக் கரைதிறனின் எல்லைக்கு அருகிலேயே வைத்திரு. அது குறையக் குறைய பெரைட் அதிகம் கரையும், மிகவும் குறைந்துவிட்டால் ஒரே இரவில் விபரீதம் நேரும். நூறு மணி நேரமாவது ஓட்டு. பிறகு ஆனோடை அறுத்து, குறுக்குவெட்டில் உப்பு எவ்வளவு ஆழம் புகுந்தது என்று பார். அந்தத் துண்டையும், உலோகத்தின் இரும்புக் கணக்கையும் எனக்கு அனுப்பு. தராசுக் கணக்கு பின்னால் வரட்டும்.