கடலடி அஸ்திவாரம்

இராமேசுவரம் செல்லும் நம் சங்க அன்பர்கள் பாம்பன் பாலத்தைப் பார்த்து வியப்பதுண்டு. இரயில்வே பொறியாளனாக இருந்த நான், அங்கே கடலுக்குள் இருக்கும் வேறொரு கட்டுமானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பியவை இவை. மீனுக்குத் தொட்டில், தீவுக்கு அலைதாங்கி. தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஜல்லியைத் தோண்டி எடுத்தால் வண்டி என்னாகும்? சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டியெடுத்தார்கள். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

1986-இல் இப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. பாறை பிழைக்க வேண்டும், சரி. கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் அடுப்பு எரிய வேண்டாமா? விடையை அப்பெண்களே கண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்தி முதலானோர், பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டனர். 2015-இல் அவருக்குச் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது.

பயணிகளாகிய நமக்கும் கடமை உண்டு. பாறையை மிதிக்கக் கூடாது. அழகாயிருக்கிறதென்று பவளத் துண்டை வாங்கி வரவும் கூடாது. 2001 முதல் அது சட்டப்படி குற்றம். உள்ளூர்ப் படகுக்காரருக்குக் கூலி கொடுத்துக் கண்ணால் கண்டு வாருங்கள். பாறை இருந்தால்தான் அவருக்கு மீனும் உண்டு, சவாரியும் உண்டு.